ஓசி இமேஜும் சந்தா இமேஜும்

ஒரு பொருளுக்குக் காசு கொடுக்க வைப்பது சிரமமான தொழில் என்றால், அது ஓசியாகவே கிடைக்கிறது என்று நம்ப வைப்பது அதைவிடச் சிரமமான தொழில். கோயமுத்தூரில் நான் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

என் விசிட்டிங் கார்டில் ‘லினக்ஸ் ஆலோசகர்’ என்று போட்டிருக்கும். கம்பெனிகள் தாங்கள் எழுதும் சாஃப்ட்வேரை இப்போதெல்லாம் கன்டெய்னர் என்கிற டப்பாவுக்குள் அடைத்துத்தான் வெளியே அனுப்புகின்றன. அந்த டப்பாவின் அடியில் லினக்ஸின் ஒரு சின்னத் துண்டு இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பேஸ் இமேஜ். பெரிய லினக்ஸ் கம்பெனிகள் இதில் இரண்டு ரகம் வைத்திருப்பார்கள். ஒன்றை யார் வேண்டுமானாலும், லாகின்கூட இல்லாமல், இறக்கிக்கொள்ளலாம். அதன்மேல் தன் சாஃப்ட்வேரை ஏற்றி அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இன்னொன்று வருடச் சந்தா கட்டினவர்களுக்கு மட்டும். அதில் சாமான் அதிகம். ஆனால் வெளியாளுக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. சந்தா கட்டினவர்களுக்குச் சிக்கல் வந்தால் உதவிக்கு ஆள் உண்டு. ஓசிக்காரர்கள் தங்கள் சிக்கலைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல உங்களிடம் ஒரு பத்தி போதுமாக இருந்தது. வாடிக்கையாளர்களிடம் சொல்ல எத்தனை டீ, எத்தனை பஸ், எத்தனை மீட்டிங் ஆனது என்பது, எதையாவது விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப்போன என் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் அதில் ஒருவர் என்றால், வாங்க, உட்காருங்க.

வண்டி நம்பர்

நான் தனியாகப் பார்க்கப்போன முதல் வாடிக்கையாளர் சூலூர்க்காரர் ரங்கராஜன். கியர் பாகங்கள் செய்யும் பட்டறை முதலாளி. மெஷின்கள் எவ்வளவு ஓடின, எங்கே நின்றன என்று காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தன் ஆட்களை வைத்தே எழுத வைத்திருந்தார். அதற்கு எந்த இமேஜ் போடலாம் என்று கேட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். எங்கள் முதலாளி சம்பத் சார், “முதல் ஆர்டரோட வா” என்று வாழ்த்தி, ஆபீஸ் காரையே கொடுத்து அனுப்பினார்.

பட்டறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, சந்தா ஆர்டர் கை நழுவுவது தெரிந்தது. அவருக்குச் சந்தாவே தேவையில்லை. சாஃப்ட்வேர் அவர் பட்டறையைத் தாண்டி எங்கும் போகாது, ஆட்களும் கெட்டிக்காரர்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “உங்களுக்கு ஓசி இமேஜே போதுமுங்க சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “ஓசின்னா, அப்புறம் பில்லு வருமுங்களா?” வராது என்றேன். “ஒரு வருசம் கழிச்சு?” வராது என்றேன். “எங்க டேட்டா எல்லாம் எடுத்துக்குவாங்களா?” மாட்டார்கள் என்றேன். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆர்டரும் இல்லாமல் நம்பிக்கையும் பெறாமல் எழுந்தேன். வாசல் தாண்டும்போது அவர் மானேஜரிடம் சொன்னது காதில் விழுந்தது: “சும்மா குடுக்கறதுக்குக் கார் போட்டுட்டு வந்திருக்குதுங்க அந்தப் பொண்ணு. எதுக்கும் வண்டி நம்பரைக் குறிச்சு வெச்சுக்கங்க.”

முகூர்த்தத்தில் ஆறு நம்பர்

பெருந்துறை தொழிற்பேட்டையில் துணி பதனிடும் ஆலை ஒன்று. அவர்களுடைய சாஃப்ட்வேர் பிரிவில் ஐந்து பேர். ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து தினேஷ் என்பவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். புது வெர்ஷன் அன்றைக்கே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மதியம் சாயக் கலவை அளவுகள் மெஷினுக்குப் போகாது. ஆனால் பேஸ் இமேஜ் இறங்க மாட்டேன் என்கிறது, லாகின் கேட்கிறது, பாஸ்வேர்டு காலாவதி. மாற்றலாம் என்றால் ஓடிபி போவது கவிதா என்கிற பெண்ணின் போனுக்கு. மொத்த ஆலைக்கும் அவர் பெயரில் ஒரே லாகின். “அவங்களைக் கேளுங்களேன்” என்றேன். “மேடம், அவங்க இப்ப கொடுமுடியில மணமேடையில உக்காந்திருக்காங்க” என்றார்.

என்னையும் லைனில் வைத்துக்கொண்டு கவிதாவின் நம்பருக்குப் போட்டார். எடுத்தது தாய்மாமன். பின்னால் கல்யாண மேளச் சத்தம். தினேஷ் தொழிற்சாலை, சாயம், சர்வர் என்று என்னென்னவோ சொல்ல, மாமன் ஒன்றும் புரியாமலே, “வந்திருக்குதுங்க, வந்திருக்குதுங்க, எழுதிக்கங்க” என்று நாதஸ்வரத்துக்கு மேலே கத்திக் கத்தி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். லாகின் திறந்தது. இறக்கப்போவது எந்த இமேஜ் என்று அப்போதுதான் நான் பார்த்தேன். ஓசி இமேஜ். அதே இமேஜ், லாகினே இல்லாத திறந்த இடத்திலும் இருக்கிறது. ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் போதும், கவிதாவைத் தொந்தரவே செய்திருக்க வேண்டாம். இதைத் தினேஷிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, இன்னும் போனை வைக்காத மாமன் கேட்டார்: “ஏனுங்க, ஆறு நம்பர் போதுமுங்களா? வேற ஏதாச்சும் வேணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க, தாலி கட்டப் போறாங்க.”

மூன்று கொட்டேஷன்

இது ஒரு அறக்கட்டளைக் கல்லூரியில் நடந்தது. பெயர் வேண்டாம். பரீட்சை மார்க் போடும் சாஃப்ட்வேருக்கு ஓசி இமேஜ் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். “இது வாங்கறதில்லைங்க, இறக்கிக்கறது” என்றேன். “இருக்கட்டுமுங்க, ரூல்ஸ் ரூல்ஸ்தானுங்க” என்றார்கள். நான் ஒரு பூஜ்யத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தேன். வேறு இரண்டு கம்பெனிகளைக் கெஞ்சி இன்னும் இரண்டு பூஜ்யம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று கவர்களும் அரக்கு முத்திரையோடு கமிட்டி முன்னால் பிரிக்கப்பட்டன. தலைவர் மூன்றையும் வரிசையாக மேஜைமேல் பரப்பி, வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெய்யாகவே வருத்தமான குரலில் என்னிடம் கேட்டார்: “மூணு பேருமே ஜீரோ போட்டிருக்கீங்க. இதுல கம்மியா கேட்டவங்க யாருன்னு நாங்க எப்படிங்க முடிவு பண்றது?”

‘எப்பவும்’

என் பக்கத்துச் சீட் முருகேசன் ஓசிக் கட்சி. சந்தா என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு மூக்கு விடைக்கும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கு, வேறொரு கம்பெனியின் ஓசி இமேஜ்களைச் சிபாரிசு செய்து, ‘இது எப்பவும் இலவசம்’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. ஒருநாள் அந்தக் கம்பெனி மனசு மாறியது. இனி புது இமேஜ்கள் சந்தாவுக்கு. பழையதெல்லாம் ஒரு மூலையில் கிடக்கும், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அப்டேட் வராது. அதாவது புதுசாகப் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க மாட்டார்கள்.

முருகேசன் இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அவர் மட்டும் போனால் திட்டு விழும் என்று நானும் கூடப் போனேன். வாடிக்கையாளர் எங்களை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்தார். லேமினேஷன் போட்டிருந்தார்! முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த இரண்டு வாரம் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து, அங்கிருந்த பதினான்கு டப்பாக்களையும் வேறொரு ஓசி இமேஜுக்கு அவரே மாற்றிக் கொடுத்தார். கடைசி டப்பாவும் ஏறியதும் வாடிக்கையாளர் அவர் தோளில் கைபோட்டு, புதுசாக ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “இதுலயும் எழுதிக் குடுங்க கண்ணு. ‘எப்பவும்’ வேண்டாம், ‘இப்போதைக்கு’ன்னு போடுங்க. லேமினேசன் செலவாச்சும் மிச்சமாகும்.”

இலை எடை

வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு திரை உண்டு. பறித்த இலையைத் தராசில் வைத்தால், பெயரும் எடையும் திரையில் வரும். அந்தத் திரையை ஓட்டிய குட்டிக் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. மூன்று நாளாகப் பழைய தராசில் போட்டு நோட்டில் எழுதினார்கள். தொழிலாளிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் எழுதுவது எழுதுகிறவர் கை. திரையில் வருவதை எல்லாரும் பார்க்கலாம். திரை வராமல் நாளையிலிருந்து எடைக்கு இலை கொண்டுவர மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். எஸ்டேட்டில் நெட் இழுத்துப் பறித்துக்கொண்டு வரும்; இமேஜ் முக்கால்வாசி இறங்கி அறுந்துபோகும். அதனால் நானே எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் புடவையிடம் மட்டும் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போய்ச் சேர்ந்து, பென் டிரைவைச் சொருகினால், ஓடவில்லை. நான் கொண்டுபோனது சாதாரணக் கம்ப்யூட்டருக்கான இமேஜ். அங்கிருந்த குட்டிக் கம்ப்யூட்டரின் பிராசசர் வேறு ரகம். இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம் அது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. மேலே மானேஜர் பங்களாவில் மட்டும் நெட் ஓரளவு வரும் என்றார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினேன். நல்ல வேளை, அந்தப் பிராசசருக்கு அதே இமேஜில் மிகச் சிறியதாக ஒரு வகை இருந்தது; லாகின், சந்தா எதுவும் கேட்காமல் பங்களா வராந்தாவில் இறங்கி முடிந்தது. சாயங்கால எடைக்குச் சரியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது திரை வெளிச்சமாகியது.

வரிசையில் முதலில் நின்றவர் பேச்சியம்மாள். இடுப்பில் படுதாவும் தலையில் கூடைக் கயிறுமாக, நான் வேலை செய்தபோதே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் நான் அவரிடமே விளக்கத் தொடங்கினேன். இது காசு கொடுத்து வாங்கியது இல்லை, ஓசியிலேயே ஓடுகிறது, இருந்தாலும் தரம் ஒன்றுதான் என்றெல்லாம். அவர் கூடையைத் தராசில் இறக்கி, திரையில் வந்த எடையை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு சொன்னார்: “ஓசியோ காசோ அது உங்க பாடும்மா. பதினெட்டுன்னு நான் தூக்கும்போதே தெரியும். இப்ப அதுக்கும் தெரிஞ்சிருச்சு, அது போதும்.”

கூப்பிடாமல் வந்த பேக்கேஜ்

சபீனா கோட்டைமேட்டுப் பெண். குடும்பமே தராசும் எடைக்கல்லும் பழுது பார்க்கிற குடும்பம். இவர் படித்துவிட்டு நூலின் தரம் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்று எழுதி, ஏழு பேரை வேலைக்கு வைத்துக் கம்பெனி நடத்துகிறார். மூன்று வருட உழைப்புக்குப் பிறகு, வெளிநாட்டில் ஒரு பெரிய ஆலை அந்தச் சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை: டப்பாவுக்குள் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன லைசென்ஸ் என்று முழுப் பட்டியல் வேண்டும். பத்து நாள் அவகாசம். “அக்கா, சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க. நாங்க ஆரம்பத்துலேர்ந்து ஓசி இமேஜ்தான், பயமில்லை” என்று சிரித்துக்கொண்டேதான் என்னைக் கூப்பிட்டார்.

பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் பேக்கேஜ், அதாவது உள்ளே சேர்ந்த சின்னச் சின்ன சாஃப்ட்வேர்த் துண்டுகள். அடியில் இருந்தது ஓசி இமேஜ்தான், பொய்யில்லை. ஆனால் டப்பாவைக் கட்டிய கம்ப்யூட்டரில், பழகுவதற்காகக் கொடுக்கும் சந்தா ஒன்று போட்டிருந்தார்கள். அப்படி இருந்தால், ஓசிக் கடையில் இல்லாத சாமானை அது வாய் திறக்காமல் சந்தாக் கடையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடும். ஒரே ஒரு பேக்கேஜ் அப்படி வந்து உட்கார்ந்திருந்தது. அது இருக்கும்வரை அந்த டப்பாவை வெளியே கொடுக்கக் கூடாது. ஆனால் சோதித்துப் பார்க்க என்று இரண்டு காப்பி ஏற்கெனவே வெளிநாடு போயிருந்தது. சபீனா சிரிப்பதை நிறுத்திவிட்டார். “ஏழு பேருக்கு நான் என்னக்கா சொல்லுவேன்?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பேக்கேஜ் எதற்கு என்று தேடினோம். வேலையை விட்டுப்போன ஒருவர் ஒரு ரிப்போர்ட்டுக்காகச் சேர்த்தது. அந்த ரிப்போர்ட்டை யார் பயன்படுத்துகிறார்கள் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை! தூக்கி எறிந்துவிட்டு, சந்தா இல்லாத கம்ப்யூட்டரில் முதலிலிருந்து கட்டினோம். எல்லாம் ஓடியது.

“அப்ப இந்தச் சுத்தமான பட்டியலை அனுப்பிடு, பழசைப் பத்தி எதுக்கு?” என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். சபீனா தலையாட்டவில்லை. “அவங்ககிட்ட இருக்கற ரெண்டு காப்பி தப்பானதுன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுட்டு எப்படிக்கா கம்முன்னு இருக்கறது?” என்றார். எங்கே தவறு, எப்படி வந்தது, எப்படி எடுத்தோம், பழைய காப்பிகளை அழித்துவிடுங்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் இங்கிலீஷ் சரியா என்று கேட்டார். அனுப்பிய பிறகு நான்கு நாள் பதில் இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்தது, கூடவே அவர்கள் வக்கீலின் ஒரு வரி. அதைப் படித்த கையோடு சபீனா எனக்குப் போன் போட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. “அக்கா, உசுரைக் குடுத்துப் பன்னெண்டு பக்கம் எழுதுனேன், அந்த மனுசன் ஒம்பதாம் பக்கத்துக்கு நம்பர் போடலைன்னு மட்டும் எழுதிருக்கான்!”

எடுக்கிறார்களா என்று

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பழனிச்சாமி. முழுச் சந்தா கட்டிய, அபூர்வமான வாடிக்கையாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் உதவி நம்பருக்குக் கூப்பிடுவார். “என்ன சார் பிரச்சினை?” என்று பதறினால், “ஒண்ணுமில்லீங்க, எடுக்கறீங்களான்னு பாத்தனுங்க. வெச்சுடட்டுங்களா?” என்று வைத்துவிடுவார்.

ஒருநாள் உலகம் முழுக்கப் பரபரப்பாக ஒரு பாதுகாப்பு ஓட்டை பற்றிச் செய்தி வந்தது. அன்றைக்கு அவர் கூப்பிட்டது நிஜமாகவே உதவிக்கு. எங்கள் ஆள் ஒருவர் லைனிலேயே இருந்து, எந்தெந்த டப்பாவை மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, மதியத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார். சாயங்காலம் அவரிடம் பேசும்போது என் மனசு கேட்கவில்லை. “சார், ஒண்ணு சொல்லிடறேன். ஓட்டையை அடைக்கற அப்டேட் ஓசி இமேஜ்காரங்களுக்கும் இன்னைக்கே வந்துடுச்சுங்க. நீங்க சந்தா கட்டினதால முன்னாடி வரலை” என்றேன். சம்பத் சார் காதில் விழுந்தால் என்னைத் தொலைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பழனிச்சாமி நிதானமாகச் சொன்னார்: “அவங்களுக்கும் வந்துச்சுங்களா? வரட்டுங்க, நல்லா இருக்கட்டும். ஆனா, எதை மொதல்ல மாத்தறதுன்னு தெரியாம கை நடுங்குச்சுன்னா அவங்க யாரைங்க கூப்பிடுவாங்க?”

ஓசி இமேஜுக்கும் சந்தா இமேஜுக்கும் என்ன வித்தியாசம் என்பது கொங்கு நாட்டில் எல்லாருக்கும் ஒருநாள் நன்றாகப் புரிந்துவிடும் என்று நானும் மருதமலை ஏறும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் அது நான் ரிட்டையர் ஆன பிறகு நடந்தால் போதும் என்றும் முருகனிடம் மெதுவாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.